பெயரை நீக்கினால் ஆள் மறைவாரா? – சமூக வலைப்பின்னல் ஆய்வும் அதன் இடர்களும்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை அகப்பாட்டா, புறப்பாட்டா என்னும் வினா தமிழ் வகுப்பறைகளில் ஆண்டுதோறும் எழுகின்ற ஒன்று. நக்கீரர் இயற்றிய 188 அடிகள் கொண்ட அப்பாட்டில் கூதிர்க்காலத்தின் குளிரும், பிரிவால் வருந்தும் அரசியின் துயரும், பாசறையில் நள்ளிரவிலும் உறங்காது புண்பட்ட வீரரைக் கண்டு தேற்றும் வேந்தனின் கடமையுணர்வும் அடுத்தடுத்து விரிகின்றன. தலைவன் பெயரோ தலைவி பெயரோ பாட்டில் எங்கும் இல்லை. அன்பின் ஐந்திணையைப் பாடுங்கால் ஒருவர் பெயரையும் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. அந்நெறியை மட்டும் கொண்டு நோக்கின் இஃது அகப்பாட்டாகவே இருத்தல் வேண்டும்.

ஆயின் உரையாசிரியர் நச்சினார்க்கினியர் இதனை அகமெனக் கொள்ளவில்லை. பாசறையில் வேந்தனுக்கு முன்செல்வோன் ஏந்திய வேலின் தலையில் வேம்பு கட்டப்பட்டிருந்ததைப் பாட்டு கூறிவிடுகின்றது. வேம்பு பாண்டியர்க்குரிய அடையாளப் பூ. சேரர்க்குப் பனை, சோழர்க்கு ஆத்தி. ஆகவே பாசறையில் நிற்பவன் பாண்டியன் என்பது வெளிப்பட்டுவிட்டது. பாண்டியருள்ளும் அவன் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் எனக் கொள்வர். புலவர் பெயரை மறைத்தார். ஒரு வேப்பந்தழை அதனைச் சொல்லிவிட்டது. இது வலிந்துகொண்ட முடிபு, பாட்டு அகமே என்று வாதிடும் அறிஞரும் உளர். அவ்வழக்கினைத் தீர்ப்பது இங்கு நம் நோக்கமன்று. பெயர் சுட்டாமை வேறு, ஆள் வெளிப்படாமை வேறு என்னும் நுட்பத்தை நம் உரையாசிரியர் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே கண்டிருந்தார் என்பதே நாம் எடுத்துக்கொள்ளும் செய்தி.

இந்நுட்பம் இன்று இலக்கிய வகுப்பறைக்கு வெளியே பெருஞ்சிக்கலாக வளர்ந்து நிற்கின்றது. மனிதர்க்கிடையே உள்ள உறவுகளைத் திரட்டி, கணக்கிட்டு, படமாக வரைந்து ஆராயும் 'சமூக வலைப்பின்னல் பகுப்பாய்வு' என்னும் துறை கடந்த நூறாண்டில் தோன்றி, கணிப்பொறியின் துணையால் மிகப் பெரிதாக வளர்ந்துள்ளது. அத்துறையினர் தம் ஆய்வுக்கு உட்பட்டோரைக் காக்கக் கையாண்ட முதல் உத்தி, பெயரை நீக்கிவிட்டு எண்ணை இடுவது. அவ்வுத்தி போதாது என்பது பின்னரே புலனாயிற்று. கள ஆய்வு மேற்கொள்ளும் நம் மாணவர்களும், கைப்பேசியில் நூற்றுக்கணக்கான எண்களை வைத்திருக்கும் நாம் அனைவரும் இதனை அறிதல் நலம்.

புள்ளியும் கோடும்

இத்துறையின் அடிப்படை மிக எளியது. ஒவ்வோர் ஆளும் ஒரு புள்ளி. இருவர்க்கிடையே உறவு உண்டெனில் அவ்விரு புள்ளிகளையும் ஒரு கோடு இணைக்கும். ஆளின் வயது, கல்வி, செல்வம் ஆகியவற்றைக் காட்டிலும் அவர் எக்கோடுகளின் நடுவே நிற்கின்றார் என்பதே ஆய்வாளர்க்கு முதன்மையானது. கணிதத்தில் இதற்கு வித்திட்டவர் ஆய்லர். கோனிக்ஸ்பர்க் நகரின் ஏழு பாலங்களையும் ஒருமுறைக்கு மேல் கடவாமல் கடந்துவர இயலுமா என்னும் புதிருக்கு, இயலாது எனப் பதினெட்டாம் நூற்றாண்டில் அவர் விடை கண்டார்.

மனிதர்க்கு இதனைப் பொருத்தியவருள் முன்னோடி யாக்கோப் மொரேனோ என்னும் உளவியல் மருத்துவர். 1932இல் அமெரிக்காவின் ஹட்சன் நகரிலிருந்த சிறுமியர் சீர்திருத்தப் பள்ளியிலிருந்து இரண்டே வாரங்களில் 14 பேர் ஓடிப்போயினர். ஒவ்வொருவரின் குணக்கேட்டையும் தனித்தனியே ஆராய்ந்தோர்க்கு விடை கிடைக்கவில்லை. மொரேனோவும் அவருடன் பணியாற்றிய ஹெலன் ஜென்னிங்சும் வேறு வழியில் வினவினர். 'நீ யாருடன் ஓரில்லத்தில் வாழ விரும்புகின்றாய்? யாரை விரும்பவில்லை?' எனச் சிறுமியரைக் கேட்டு, விடைகளைக் கோடுகளாக வரைந்தனர். ஓடிப்போன எண்ணம் ஒருத்தியிடமிருந்து மற்றொருத்திக்கு எவ்வழியே சென்றிருக்கக்கூடும் என்பது படத்தில் புலப்பட்டது. 1934இல் வெளிவந்த அவரது நூல் இத்துறையின் முதனூல்களுள் ஒன்றாக மதிக்கப்படுகின்றது. தாம் யாரை வெறுக்கின்றோம் என்பதைச் சொன்ன அச்சிறுமியர்க்கு, அவ்விடை எவ்வாறு பயன்படும் என்பது எந்த அளவிற்குத் தெரிந்திருக்கும் என்னும் ஐயம் நமக்கு எழாமலில்லை.

'வலைப்பின்னல்' என்னும் உவமையை மானிடவியலில் ஓர் ஆய்வுக்கருவியாக நிலைநிறுத்தியவர் பார்ன்ஸ். நார்வே நாட்டில் மீன்பிடித் தொழிலோர் மிகுந்த பிரம்னெஸ் என்னும் ஊரைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1954இல் வெளிவந்தது. பத்தாண்டு கழித்து, 1964இல், நம் நாட்டுச் சமூகவியலாளர் எம்.என். ஸ்ரீனிவாஸும் ஆந்திரே பெத்தேயும் இந்தியச் சமூக அமைப்பினை இக்கண்ணோட்டத்தில் அணுகி எழுதினர். சாதி, ஊர், குடும்பம் என்னும் கட்டுகளைக் கடந்து செல்லும் உறவுகளைக் காண இக்கருவி உதவும் என்பது அவர்தம் கருத்து.

அறிவுக்கு வந்த ஆக்கம்

இத்துறை தந்த முடிபுகளுள் சில இன்று யாவரும் அறிந்தவை. உலகில் எவரும் எவரிடமிருந்தும் ஆறு படி தொலைவிலேயே உள்ளனர் என்னும் பேச்சு அவற்றுள் ஒன்று. இதன் பின்னணியில் இருப்பது ஸ்டான்லி மில்கிராம் 1960களில் நடத்திய ஆய்வு. பாஸ்டன் நகர்ப்புறத்தில் பணிபுரிந்த பங்குத் தரகர் ஒருவருக்கு, தமக்கு நேரில் அறிமுகமானவர் கைவழியாகவே மடல் ஒன்றைச் சேர்ப்பிக்குமாறு 296 பேர் கேட்டுக்கொள்ளப்பட்டனர். சென்றடைந்தவை 64. அவற்றில் இடைநின்றோர் சராசரி ஐவருக்குச் சற்று மேல். எஞ்சிய 232 மடல்கள் வந்து சேரவேயில்லை என்பதை மேடைகளில் இவ்வாய்வை எடுத்துரைப்போர் பெரும்பாலும் சொல்வதில்லை. வந்தவற்றுள்ளும் ஏறத்தாழப் பாதி, தரகரின் மூன்றே நண்பர்கள் வழியாக வந்தவை. உலகம் சிறிது என்பதைவிட, வாயில்கள் சிலவே என்பது இவ்வாய்விலிருந்து கொள்ளத்தக்க பாடம் என நாம் கருதுகின்றோம்.

1973இல் மார்க் கிரனோவெட்டர் எழுதிய கட்டுரை, நெருங்காத அறிமுகத்தின் ஆற்றலை எடுத்துக்காட்டிற்று. அறிமுகமானவர் வழியே புதுவேலை பெற்ற 54 பேரை அவர் வினவினார். தகவல் தந்தவரை அடிக்கடி சந்தித்து வந்தோர் நூற்றுக்குப் பதினேழு பேர் அளவே. எப்போதாவது சந்தித்தோர் பாதிக்கு மேல். மிக அரிதாகச் சந்தித்தோர் கால் பங்கிற்குச் சற்று மிகுதி. உடன்பிறந்தாரும் உற்ற நண்பரும் நமக்குத் தெரிந்ததையே அறிந்திருப்பர். புதுச்செய்தி வேற்று வட்டத்திலிருந்தே வருதல் வேண்டும். வேலை தேடும் நம் மாணவர்க்கு இதனினும் பயனுள்ள ஆய்வு முடிபு ஒன்றை நாம் கண்டதில்லை.

நம் நாட்டு எடுத்துக்காட்டு ஒன்று. கர்நாடகத்தில் 75 சிற்றூர்களில் அபிஜித் பானர்ஜி, அருண் சந்திரசேகர், எஸ்தர் டூஃப்லோ, மேத்யூ ஜாக்சன் ஆகியோர் ஆய்வு நடத்தி, 2013இல் முடிபுகளை வெளியிட்டனர். மண்ணெண்ணெயோ அரிசியோ அவசரத்திற்கு யாரிடம் கைமாற்று வாங்குவீர்கள், பணம் வேண்டின் யாரை நாடுவீர்கள், யாரிடம் அறிவுரை கேட்பீர்கள், வழிபாட்டிற்கு யாருடன் செல்வீர்கள் என்பன போன்ற வினாக்கள் கேட்கப்பட்டன. பின்னர் அவற்றுள் 43 ஊர்களில் ஒரு சிறுகடன் நிறுவனம் பணியைத் தொடங்கியது. முதலில் செய்தி சொல்லப்பட்டவர் ஊரின் உறவு வலையில் நல்ல மையத்தில் இருந்த இடங்களில் கடனில் சேர்ந்தோர் மிகுதி. தடுப்பூசியோ கல்வித் திட்டமோ ஊருக்குள் செல்லவேண்டுமெனில் யாரிடம் முதலில் சொல்லுதல் வேண்டும் என்னும் கேள்விக்கு இத்தகைய ஆய்வு விடை தருகின்றது. இதன் பயனை மறுப்பார் இலர்.

ஆயினும் அவ்வினாக்களை மீண்டும் ஒருமுறை நோக்குக. அரிசி கைமாற்று வாங்கும் வீடு எது, பணத்திற்கு யார் வாயிலில் நிற்கின்றோம் என்பவை ஒரு குடும்பத்தின் மானத்தோடு தொடர்புடையவை. ஆய்வாளரின் ஏட்டில் அவை கோடுகள். ஊராரின் வாயில் அவை வேறு.

அறிவிப்பாளர் வரிசை

உறவுச் சங்கிலியை ஆராய்வது மேலைநாட்டார் புதிதாகக் கண்ட கலையன்று. நபிமொழித் தொகுப்பாளர்கள் ஒவ்வொரு செய்தியையும் 'யாரிடமிருந்து யார் கேட்டார்' என்னும் இஸ்னாது எனப்படும் அறிவிப்பாளர் வரிசையோடு பதிந்தனர். வரிசையில் அடுத்தடுத்து நிற்கும் இருவர் ஒரே காலத்தவரா, சந்தித்திருக்க இயலுமா, உண்மையில் சந்தித்தனரா என்பவை ஆராயப்பட்டன. அறிவிப்பாளர் வரலாற்றைத் திரட்டிய நூல்கள் பல தொகுதிகளாக விரிந்தன. இன்று கணிப்பொறியைக் கொண்டு இவ்வரிசைகளை வலைப்பின்னலாக வரைந்து ஆராய்வோரும் உளர்.

இங்கு நாம் கருதுவது அவ்வறிஞர் எதிர்கொண்ட அறநெறிச் சிக்கலை. ஓர் அறிவிப்பாளரின் மறதியையோ பொய்யையோ வெளிப்படையாக எழுதுவது புறம்பேசுதல் ஆகாதா? புறம் கடிந்து விலக்கப்பட்ட குற்றமாயிற்றே! இமாம் முஸ்லிம் தம் தொகுப்பின் முன்னுரையிலேயே இவ்வினாவை எடுத்துக்கொண்டு, செய்தியின் மெய்மையைக் காப்பதற்காகக் குறையை எடுத்துரைத்தல் கடமை என்று நிறுவுகின்றார். பின்வந்த அறிஞர் இதற்கு எல்லை வகுத்தனர். தேவைக்கு மட்டுமே, தேவையான அளவே சொல்லுதல் வேண்டும். அவ்வளவில் நின்றுவிடுதல் வேண்டும். ஒருவரைப் பற்றிய தகவலைத் திரட்டுவதற்கு நோக்கமே உரிமை தருகின்றது, நோக்கம் முடிந்த இடத்தில் உரிமையும் முடிகின்றது என்னும் இவ்வரையறை இன்றைய தரவுக்காப்புச் சட்டங்களிலும் வேறு சொற்களில் காணப்படுகின்றது.

வேப்பந்தழை மீண்டும்

2008இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர் ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரே ஆண்டில் சேர்ந்த 1,640 மாணவர்களின் முகநூல் நட்புகள், விருப்பங்கள் ஆகியவற்றைத் திரட்டி, பெயர்களை நீக்கிவிட்டுப் பிற ஆய்வாளர் பயன்பாட்டிற்கு வெளியிட்டனர். பல்கலைக்கழகத்தின் பெயரும் மறைக்கப்பட்டது. வடகிழக்கு அமெரிக்காவிலுள்ள ஒன்று என்பது மட்டுமே சொல்லப்பட்டது. மைக்கேல் சிம்மர் என்னும் அறிஞர் அத்தரவுகளைக் கண்ணால் காணாமலே, உடன் வெளியான விளக்கக் குறிப்பேட்டைக் கொண்டு அஃது ஹார்வர்டு பல்கலைக்கழகமே என்று துணிந்தார். அங்குள்ள பாடப்பிரிவுகள் சிலவற்றின் பெயர்கள் வேறெங்கும் இல்லாதவை. விடுதி ஒதுக்கும் முறையும் தனித்தன்மை உடையது. சேர்க்கை எண்ணிக்கையும் ஒத்துவந்தது.

பாடப்பிரிவின் பெயர்தான் இங்கு வேப்பந்தழை.

பல்கலைக்கழகம் தெரிந்ததும் அடுத்த திரை விலகிற்று. சில நாடுகளைச் சேர்ந்தவராக அவ்வாண்டில் ஒரே ஒரு மாணவரே இருந்தார். அவரைக் கண்டுபிடிக்கப் பெயர் எதற்கு? அவரைக் கண்டுவிட்டால் அவரோடு கோடுகளால் இணைந்தோர் ஒவ்வொருவராக வெளிப்படுவர். தரவுத்தொகுதி பின்னர்த் திரும்பப் பெறப்பட்டது. தரவு முன்னரே முகநூலில் இருந்ததுதானே என்று கூறியோர்க்கு, சிதறிக் கிடப்பது வேறு, திரட்டித் தருவது வேறு என்பதே விடை. தெருவில் செல்லும் ஒருவரைப் பலர் தனித்தனியே காணலாம். அவர் சென்ற வீடுகளையெல்லாம் ஒருவரே பின்தொடர்ந்து எழுதி வைத்தால் அதற்குப் பெயர் வேறு.

அடுத்த ஆண்டே அரவிந்த் நாராயணன், விட்டாலி ஷ்மாட்டிகோவ் ஆகிய இருவரும் இதனைக் கணக்கிட்டுக் காட்டினர். ட்விட்டர், ஃபிளிக்கர் ஆகிய இரண்டிலும் கணக்கு வைத்திருந்தோரை அவர்கள் எடுத்துக்கொண்டனர். ட்விட்டர் வலைப்பின்னலிலிருந்து பெயர் முதலிய அனைத்தையும் நீக்கிவிட்டு, கோடுகளின் அமைப்பை மட்டும் மற்றதனோடு ஒப்பிட்டனர். மூன்றில் ஒரு பங்கினர் அடையாளம் காணப்பட்டனர். பிழை நூற்றுக்குப் பன்னிரண்டு அளவே. கைரேகை ஒருவர்க்கொருவர் வேறுபடுதல் போல, ஒருவரைச் சூழ்ந்த நட்புகளின் வடிவமும் பெரும்பாலும் அவர் ஒருவர்க்கே உரியதாக அமைந்துவிடுகின்றது. வேம்பு, பனை, ஆத்தி என அடையாளம் எதனையும் தனியே சூட்டவேண்டிய தேவையில்லை. உறவே அடையாளம்.

ஒருவர் கொடுத்தால் இருவர் இழப்பர்

வயது, ஊர், வருவாய் முதலியவற்றை ஒருவர் சொல்லும்போது தம்மைப் பற்றியே சொல்கின்றார். 'இன்னார் என் நண்பர்' என்று சொல்லும்போதோ இருவரைப் பற்றிய செய்தியை ஒருவர் இசைவின்பேரில் தருகின்றார். சொல்லப்பட்டவர் அங்கு இல்லை. அவரை எவரும் கேட்கவுமில்லை. வலைப்பின்னல் ஆய்வின் தீராச் சிக்கல் இதுவே.

இதற்கு உலகறிந்த சான்று 2018இல் வெளிப்பட்டது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆய்வாளர் ஒருவர் ஆளுமையைக் கணிக்கும் வினாப்பட்டியல் ஒன்றை முகநூல் வழியே பரப்பினார். ஆய்வுக்கென்றே அது சொல்லப்பட்டது. அதனை நிறுவிக்கொண்டவர் ஏறத்தாழ 2 இலட்சத்து 70 ஆயிரம் பேர். ஆனால் அந்நாளைய முகநூல் விதிகளின்படி அவர்தம் நண்பர் தகவலும் உடன் சென்றது. கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்னும் தேர்தல் ஆலோசனை நிறுவனத்தின் கைக்குச் சென்றிருக்கக்கூடிய தகவல் 8 கோடியே 70 இலட்சம் பேருடையது என முகநூல் நிறுவனமே அறிவித்தது. இந்தியாவில் அதனை நிறுவிக்கொண்டோர் 335 பேர் மட்டுமே. பாதிக்கப்பட்டிருக்கக்கூடிய இந்தியர் 5,62,455 பேர். அதாவது 5,62,120 பேர் தாம் எதனையும் தொடாமலே, எங்கோ உள்ள ஒரு நண்பர் 'சரி' என்று அழுத்தியதால் அப்பட்டியலில் சேர்ந்தனர்.

இதன் கொடிய வடிவத்தை நம் தெருக்களிலேயே கண்டோம். 2020ஐ ஒட்டிய நோய்த்தொற்றுக் காலத்தில் கைப்பேசி வழியே உடனடிக் கடன் தரும் செயலிகள் பெருகின. சில ஆயிரம் ரூபாய்க்காக அவற்றை நாடியோரிடம் முதலில் கேட்கப்பட்டது, கைப்பேசியிலுள்ள தொடர்புப் பட்டியலைக் காணும் அனுமதி. தவணை தவறியதும் மாமனார்க்கும், அலுவலக மேலாளர்க்கும், பிள்ளையின் ஆசிரியர்க்கும் வசைச்செய்திகள் சென்றன. அவமானம் தாங்காது உயிர்நீத்தோரும் உண்டு. முன்பு வட்டிக்கடைக்காரர் ஈடாக நகையைக் கேட்டார். இச்செயலிகள் உறவை ஈடாகக் கொண்டன. 2022 செப்டம்பரில் இந்திய ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிமுறைகள், கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலையும் அழைப்பு விவரங்களையும் எடுப்பதைத் தடுத்தன. நெறிக்கு உட்படாத செயலிகளுக்கு அத்தடை ஒரு பொருட்டாகாது என்பதைப் பெரியோர் தம் இல்லத்து இளையோர்க்கு எடுத்துரைத்தல் நலம்.

நடுவில் நிற்பவர் குற்றவாளியா?

இனி மூன்றாவது இடர். படத்தில் ஒருவர் நிற்கும் இடத்தைக் கொண்டே அவர் நினைவையும் செயலையும் முடிவுகட்டுவது.

கீரன் ஹீலி என்னும் சமூகவியலாளர் 2013இல் எள்ளல் நடையில் கட்டுரை ஒன்று எழுதினார். பதினெட்டாம் நூற்றாண்டின் பிரித்தானிய ஆட்சியினர் பாஸ்டன் நகரக் கிளர்ச்சியாளரை இக்கால முறையில் கண்காணித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பது கற்பனை. தரவு மட்டும் மெய். 254 பேர், ஏழு அமைப்புகள், யார் எதில் உறுப்பினர் என்னும் பட்டியல். எவரும் என்ன பேசினர், என்ன எழுதினர் என்பது அதில் இல்லை. உறுப்பினராயின் ஒன்று, இல்லையேல் சுழி, அவ்வளவே. அப்பட்டியலைப் பெருக்கிக் கணக்கிட்டதும் குழுக்களை இணைக்கும் மையப்புள்ளியாக ஒரு வெள்ளித் தட்டார் வெளிப்பட்டார். அவரே பால் ரிவியர்; 1775 ஏப்ரல் 18ஆம் நாள் இரவில் குதிரையேறிச் சென்று பிரித்தானியப் படையின் வருகையை அறிவித்த விடுதலை வீரர். 'பேச்சை ஒட்டுக்கேட்கவில்லை, யார் யாரோடு பேசினர் என்பதை மட்டுமே பதிகின்றோம்' என்று அக்காலத்தே அமெரிக்க அரசினர் கூறிவந்த அமைதிக்கு இதனினும் நல்ல மறுமொழி இல்லை.

அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை ஐயத்திற்குரிய ஓர் எண்ணிலிருந்து மூன்று படி வரை தொலைபேசித் தொடர்புகளை ஆராயலாம் என்பது 2013இல் வெளிவந்தது. ஒருவர்க்கு நூறு பேரோடு தொடர்பு என்று கொள்வோம். முதற்படியில் நூறு பேர். இரண்டாம் படியில் பதினாயிரம். மூன்றாம் படியில் பத்து இலட்சம். மீள வரும் பெயர்களைக் கழித்தாலும் ஒரு மாவட்டமே அதனுள் அடங்கிவிடும். ஊர்தி முன்பதிவு செய்பவர், மருந்துக்கடைக்காரர், பள்ளிவாசல் இமாம், திருமணத் தரகர் ஆகியோர் ஆயிரக்கணக்கானோர் படத்தில் நடுப்புள்ளியாக நிற்பர். அவர்தம் தொழிலே அவர்களை அங்கு நிறுத்துகின்றது. 2014இல் அப்படிகள் இரண்டாகக் குறைக்கப்பட்டன. 2015இல் இயற்றப்பட்ட சட்டம் தொலைபேசி விவரங்களை மொத்தமாகத் திரட்டுவதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. அந்நாட்டு மக்கள் கேள்வி எழுப்பியமையால் நேர்ந்த மாற்றம் அது.

படம் பொய் சொல்லுமா? மெய்யும் சொல்லும், ஆனால் முழுதும் சொல்லாது. இதற்கு இத்துறையிலேயே அழகிய சான்று உண்டு. வெய்ன் சக்கரி என்பார் அமெரிக்கப் பல்கலைக்கழகக் கராத்தே மன்றம் ஒன்றை ஆராய்ந்து 1977இல் எழுதினார். ஆய்வுக்கு உட்பட்டோர் 34 பேர். பயிற்சிக் கட்டணம் பற்றிய பூசலில் மன்றம் ஆசிரியர் பக்கம், நிருவாகி பக்கம் என இரண்டாகப் பிளந்தது. நட்புக்கோடுகளை மட்டும் கொண்டு யார் எப்பக்கம் செல்வர் எனச் சக்கரி கணித்ததில் ஒருவர் நீங்கலாக எல்லாரும் பொருந்தினர். இன்றளவும் இவ்வெற்றி பாடநூல்களில் பேசப்படுகின்றது. நமக்கோ அந்த ஒருவரே சுவையானவர். அவர் நிருவாகியின் பக்கம் சாய்ந்தவர். ஆயினும் ஆசிரியருடனேயே தங்கிவிட்டார். கறுப்புப் பட்டைத் தேர்வுக்கு அவருக்கு மூன்றே வாரங்கள் இருந்தன! நிருவாகியோடு சென்றிருந்தால் ஆண்டுகள் பல உழைத்துப் பெற்ற தகுதியைத் துறந்து அடியிலிருந்து தொடங்கவேண்டியிருக்கும். இக்காரணம் எந்தக் கோட்டிலும் இல்லை. அவரை நேரில் அறிந்தவர்க்கே அது தெரியும். 34 பேரில் ஒருவர் பிழையெனில் ஆய்வாளர்க்கு அது வெற்றி. பத்து இலட்சம் பேரில் அதே விழுக்காடு பிழையெனில் ஏறத்தாழ முப்பதாயிரம் பேர் தவறாக எண்ணப்படுவர். அவர்களுள் ஒருவர் நம் வீட்டவராகவும் இருக்கலாம்.

நம் ஆய்வேடுகள்

தமிழ்த்துறை மாணவர்க்கு இவையெல்லாம் எதற்கு என்று கேட்போர் உளர். நாட்டார் வழக்காற்றியல், ஊர் வரலாறு, வட்டார வழக்கு ஆகிய பொருள்களில் நம் மாணவர் கள ஆய்வு செய்கின்றனர். ஆய்வேட்டின் இறுதியில் 'தகவலாளர் பட்டியல்' என்னும் பின்னிணைப்பைச் சேர்ப்பது நெடுநாள் மரபு. பெயர், வயது, கல்வி, தொழில், ஊர், சில வேளை சாதியும் அதில் இடம்பெறும். கட்டமைத்த நான்கு படிகள் நூலகத்தில் உறங்கிய காலத்தில் இதனால் பெருங்கேடு விளையவில்லை. இன்று ஆய்வேடுகள் மின்படிகளாக வலையேற்றப்படுகின்றன. ஓர் ஊரின் பெயரைத் தட்டெழுதினால் அப்பட்டியல் எவர் திரையிலும் வந்து நிற்கும்.

சட்டம் ஓரளவு துணை நிற்கின்றது. 2017 ஆகஸ்டு 24ஆம் நாள் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமை எனத் தீர்ப்பளித்தது. 2023இல் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஆய்வுக்கும் புள்ளியியலுக்கும் அச்சட்டம் விலக்கு அளிக்கின்றது; தனி ஒருவரைப் பற்றிய முடிவெடுக்க அத்தரவு பயன்படலாகாது என்பது அதற்கு வரையறை. விலக்கு உண்டு என்பதற்காக வினவுவதெல்லாம் வினவலாம் என்று கொள்ளுதல் கூடாது. சட்டம் விட்ட இடத்தில் நெறியாளரின் பொறுப்பு தொடங்குகின்றது.

தகவலாளர் எல்லாருடைய பெயரையும் மறைத்துவிடுதல் தீர்வாகாது. நூறு தாலாட்டுகளை நினைவிலிருந்து பாடிக்கொடுத்த மூதாட்டியின் பெயரை 'தகவலாளர் 7' என்று எழுதுவது அவருக்குச் செய்யும் அநீதி. பாட்டு அவர் உடைமை. பெயர் அதனோடு நிற்றல் வேண்டும். அதே மூதாட்டி, மகளின் மணத்திற்கு யாரிடம் கடன்பட்டார் என்பதைப் பேச்சுவாக்கில் சொல்லியிருப்பின் அது நம் ஏட்டில் ஏறுதல் ஆகாது; பெயரை நீக்கியும் ஏறுதல் ஆகாது. ஊரும் வயதும் பாட்டும் தெரிந்த பின்னர் அவர் யாரென்று அறிய ஊராருக்கு எத்தனை நேரம் வேண்டும்?

ஆகவே கள ஆய்வுக்குச் செல்லும் மாணவர் இரண்டு ஏடுகள் வைத்துக்கொள்ளுதல் நன்று. ஒன்றில் பாட்டும் கதையும் பழமொழியும் பாடியவர் பெயரோடு இருக்கட்டும். மற்றொன்றில் உறவு, கடன், பூசல் பற்றியவை எண்களாக மட்டும் இருக்கட்டும். எண்ணுக்குரிய பெயரைக் காட்டும் தாள் நெறியாளரின் பூட்டிய பெட்டியில் இருந்து, வாய்மொழித் தேர்வு முடிந்ததும் கிழிக்கப்படுதல் வேண்டும். 'உங்கள் நெருங்கிய நண்பர் ஐவர் யாவர்?' என்னும் வினாவை வினாப்பட்டியலில் சேர்க்குமுன், பெயர் சொல்லப்படவிருக்கும் அந்த ஐவரிடம் யார் இசைவு பெறுவார் என்பதை மாணவர் நெறியாளரிடம் எழுத்தில் தருதல் வேண்டும். இசைவு பெற வழியில்லையெனில் வினாவை மாற்றிக்கொள்ளலாம். 'யாரிடம் கைமாற்று வாங்குவீர்கள்' என்பதனை 'எத்தனை வீடுகளில் கைமாற்று வாங்குவீர்கள்' என்று கேட்கலாம். அப்போது வலைப்பின்னல் படம் வரைய இயலாது. நம் துறையின் ஆய்வேடுகள் பெரும்பாலானவற்றிற்கு அப்படம் தேவைப்படுவதுமில்லை.